கால்மாட்டில் நின்றவர்

மனைவியின் விரல் மறுபடியும் எழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற டிரைவர் அதையே உற்றுப் பார்த்தார். இந்த விரல் என்ன கேட்கிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் குடியே முழுகிப் போகும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை. அசைவது அந்த ஒரு கைதான். இன்றைக்கு டெஸ்ட். தேறினால் வீடு, தேறாவிட்டால் மேல்மாடி வார்டு. மேல்மாடிக்குப் போனவர்கள் வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது.

"அவங்க கேக்கறதைப் புரிஞ்சு செய்யுங்க. அவ்வளவுதான் டெஸ்ட்," என்று சொல்லிவிட்டு, கையில் நோட்டோடு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா. "அவங்க இடத்துல இருந்து பாருங்க. லேசில்லை. நம்ம மூளை முதல்ல நாம நிக்கற இடத்துல இருந்துதான் பார்க்கும். அதை மெனக்கெட்டுத் திருப்பி அடுத்தவங்க இடத்துல கொண்டுபோய் உட்கார வைக்கணும்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் மேடம்! திரும்பிப் பார்க்காமலே பின்னால என்ன வருதுன்னு சொல்லுவேன். இவ மனசு எனக்குத் தெரியாதா?"

விரல் நேராக நீண்டு, இடமும் வலமுமாக ஆடியது.

"ஃபேன்! இவளுக்குக் காத்து ஆகாது." ஓடிப்போய் நிறுத்தினார். விரல் இறங்கியது. "பார்த்தீங்களா மேடம், எவ்வளவு தெளிவா கேக்கறா!"

மறுபடி கால்மாட்டுக்கு வந்து நின்று, "இப்ப சரியாம்மா?" என்றார்.

விரல் எழுந்தது.

"ஐயா..." என்று கதவோரம் நின்ற ஆயாம்மா வாயெடுத்தாள். டாக்டரம்மா கையமர்த்தினார். பரீட்சையில் பிட் அடிக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் டிரைவர்.

"மருந்து வாடை!" மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் போனார். விரல் இறங்கியது. திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். எழுந்தது. மின்விசிறி இல்லாமல் அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"அட, வெயில்! கண்ணு கூசுது, பாவம்." முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னலின் திரையைச் சர்ரென்று இழுத்து மூடினார்.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. கண்ணோரம் ஈரம் மட்டும் தெரிந்தது. டிரைவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா இதையும் நோட்டில் எழுதிவிடுவாரே!

"இல்லம்மா, இல்லம்மா, திறந்துடறேன்!"

பாய்ந்தார். கால் தண்ணீர்க் குடத்தில் இடித்தது. பிடிக்க வேறு எதுவும் கிடைக்காமல் திரையைப் பிடித்தார். திரையும் கம்பியும் அவரும் ஒன்றாகக் கீழே வந்தார்கள்.

"ஐயோ, இடுப்பு!"

ஆயாம்மா தூக்கிப் பார்த்தாள். அவரால் நிற்க முடியவில்லை. "அம்மா பக்கத்துலயே கொஞ்சம் சாயுங்க," என்று கட்டில் ஓரத்தில் தள்ளிப் படுக்க வைத்தாள். ஒரே தலையணையில் இரண்டு தலைகள்.

எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் எதிர்வீட்டுக் கூரை. ஒரு பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கூரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தது. வைத்துவிட்டு வந்து, அடுத்த குட்டியைக் கவ்வியது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் போர்வைமேல் அமைதியாகக் கிடந்தது.

கால்மாட்டில் இப்போது யாருமே நிற்கவில்லை.

"அடப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். "நந்தி மாதிரி நடுவுல நின்னது நானா? மேடம், எழுதிக்குங்க. இவ தெளிவா இருக்கா. தள்ளிப் போன்னுதான் முதல்ல இருந்து சொல்லியிருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமில்ல?"

டாக்டரம்மா எழுந்தார். "இப்போதைக்கு மேல்மாடியில இருக்கட்டும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஏன்? எல்லாத்தையும் சரியாத்தானே காட்டினா! இவ எதுல ஃபெயிலு?"

ஆயாம்மா தரையில் கிடந்த கம்பியைப் பொறுக்கியபடி தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மா போன வாரமே பாஸ் பண்ணிட்டாங்க ஐயா. இன்னிக்கு டெஸ்ட் உங்களுக்கு."