சோளகம் தள்ளிய ரேஸ் சைக்கிள்

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பின்னால் நின்று தள்ளும்போது, சைக்கிள் பறப்பது தன் காலின் கெட்டித்தனத்தால்தான் என்று ஓடுகிறவருக்குத் தோன்றும். பரந்தனில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த உண்மை தெரிந்திருக்க வேண்டும். நான் பட்டதாரி வேறு. (புவியியலில் பட்டம் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற வருடம் அது. அந்த வருடம் பார்த்துத்தான் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. பட்டம் எடுத்து, காத்திருந்து, கலியாணமும் முடித்து, இனி இல்லை என்று முடிவுகட்டி ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த வேலை. பாடசாலை ஆனையிறவு தாண்டி, இயக்கச்சிப் பக்கம். குறித்த திங்கட்கிழமை காலையில் போய்க் கையெழுத்து வைத்தே ஆக வேண்டும். வைக்காவிட்டால் நியமனம் கையை விட்டுப் போய்விடும் என்று ஆளுக்காள் வெருட்டினார்கள். எங்கள் மோட்டார் சைக்கிளோ மாமரத்தின் கீழ் சாக்குப் போர்த்திப் படுத்திருந்தது. பஸ் வருவது நிச்சயமில்லை. வந்தாலும் படியில் தொங்கக்கூட இடமிருக்காது.

"ஒரு சைக்கிள் எடுத்துத் திருத்துவம்," என்றார் என் கணவர் சுதன். அவருக்கு வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலை. மின்சாரம் ஓடாத சாமான் எதையும் திருத்துவது சின்ன விளையாட்டு என்பது அவருடைய நம்பிக்கை.

முல்லைத்தீவிலிருந்து பழைய இரும்பு வாங்க லொறியில் வரும் ரஹீம் நானாவிடம் போனோம். "நல்ல சைக்கிளெல்லாம் போயிட்டுது தங்கச்சி. இதுதான் கிடக்கு," என்று தகரங்களுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தெடுத்தார். அந்தக் காலத்து ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில். மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை, டயர் இல்லை. மற்றபடி துரு தாராளமாக இருந்தது. யுத்தம் நடந்த எங்கள் மண்ணில் அப்படியொரு சைக்கிள் இந்த அளவுக்காவது மிஞ்சியதே பெரிய காரியம்.

"இது ஆர் நானா ஓடினது?"

"தெரியாது. ஆனா ஓடினவன் நல்லா ஓடியிருப்பான். தூக்கிப் பாருங்கோ."

ஒரு கையால் தூக்க முடிந்தது. அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். (மனசால். உடம்பால் விழுந்தது பிறகு.) இரண்டு கோழி விற்ற காசுக்கே தந்துவிட்டார். படிப்பிக்கப் போவதற்காக என்று கேள்விப்பட்டதும் லொறிக்குள் தேடி ஒரு மணியையும் எடுத்துத் தந்தார். "பிள்ளையள் விலகோணுமே."

அதன் பிறகு எங்கள் பின்னேரங்களெல்லாம் அந்தச் சைக்கிளோடுதான் போயின. துருவைத் தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து மயில்கழுத்து நீலம் வந்தது. இறுகிப்போன சீற் குழாயை இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். அது திடீரென்று கழர, ஆளுக்கொரு திசையில் விழுந்தோம். செயினை ஊறவைக்க மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மலர் அக்கா விளக்குக்கு வைத்திருந்ததில் பாதியை ஊற்றித் தந்தா. பெடல் பொருத்தும் இடத்தைச் சுதன் கழற்றியபோது உள்ளேயிருந்த இரும்புக் குண்டுகள் முற்றமெல்லாம் சிதறின. ஒன்றைக் கோழி விழுங்கிவிட்டது. சுதன் ஸ்பானரும் கையுமாக அந்தக் கோழியைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கிளிநொச்சிக் கடைகளில் அந்த மெல்லிய டயர் இல்லை. ரஹீம் நானாதான் எங்கெங்கோ தேடி, அடுத்த பயணத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைக் கொண்டுவந்தார். கியர்களில் ஒன்றே ஒன்று வேலை செய்தது. எனக்கு அந்த ஒன்றே காணும் என்றேன்.

ஒழுங்கையில் ஓடிப் பார்த்தோம். புதுப் பிறேக் கட்டைகள் கச்சிதமாகப் பிடித்தன. ஞாயிறு பின்னேரம் வேலை முடிந்தது.

எனக்குத் தெரியாமல் அதன் பிறகு ஒரு காரியம் நடந்தது. முதல் நாள் வேலைக்குப் போகும் மனைவியின் சைக்கிள் மினுங்க வேண்டும் என்று சுதன் ஆசைப்பட்டார். குசினிக்குள் போய், போத்தலில் கடைசியாக இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, இரண்டு றிம்முக்கும் வடிவாகப் பூசித் துடைத்துவிட்டார். றிம்மைப் பிடித்துத்தான் பிறேக் நிற்கும் என்பது அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை. ஆம்பிளைச் சைக்கிள் என்பதால் சேலையோடு ஏற முடியாது. சுதனின் ட்ராக் சூட்டும் ரீசேட்டும் போட்டுக்கொண்டேன். பாடசாலைக்குச் சற்று முன்னால் சுதனின் ஒன்றுவிட்ட அக்கா சாந்தியின் வீடு. அங்கே இறங்கிச் சேலை மாற்றிக்கொண்டு, மரியாதையான ஆசிரியையாக நடந்து போவதே திட்டம். சேலைப் பையைச் சீற்றுக்குப் பின்னால் ரியூப் துண்டால் கட்டினோம். அது இரண்டுமுறை அவிழ்ந்ததில் புறப்படப் பிந்திவிட்டது.

ஆனையிறவு வெளிக்கு வந்ததும் சோளகம் முதுகில் கைவைத்தது. பெடலை மிதித்ததே தெரியவில்லை. உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கையைக் காட்டி ஏதோ கத்தினார்கள். என் வேகத்தைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கை காட்டினேன். (பை விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.) ஒலிம்பிக்கில் இலங்கைக்கு ஒரு பதக்கம் என்னால் தவறிப்போயிற்றே என்றுகூட யோசித்தேன். பிறேக் பிடிக்கத் தேவையும் வரவில்லை. அந்த வேகத்தை வீணாக்க மனமும் வரவில்லை.

பாடசாலை ஒழுங்கையில் திரும்பியபோதுதான் முதன்முதலாகப் பிறேக்கைப் பிடித்தேன். சைக்கிள் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். காலை நிலத்தில் தேய்த்தேன். ஒரு செருப்பு கழன்று போயிற்று. படலையில் சாந்தி மச்சாள் எனக்காகத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தா.

"மச்சாள், நிக்குதில்லை."

"என்ன பிள்ளை?"

"நிக்குதில்லை," என்றேன், அவவைக் கடந்து போய்.

அடுத்தது பாடசாலை வாசல். முற்றத்தில் காலைப் பிரார்த்தனை. பிள்ளைகள் கைகூப்பிக் கண்களை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பாடசாலை அதிபரும் கண்களை மூடி நின்றார். மணியை அடித்தேன். பூசை மணி என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவரும் கண் திறக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது இயக்கச்சி மணல். அந்த மெல்லிய டயர் முற்றத்து மணலில் புதைந்து சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. நான் நிற்கவில்லை. ஹாண்டிலுக்கு மேலால் பறந்து போய், இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, அதிபரின் பாதங்களில் முகம்குப்புற விழுந்தேன். தேவாரமும் அந்த நேரம் பார்த்து முடிந்தது.

அதிபர் கண்ணைத் திறந்தார். ட்ராக் சூட்டும் ஒற்றைச் செருப்புமாக ஒரு பெண் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பதைச் சற்று நேரம் பார்த்தார்.

"எழும்புங்கோ பிள்ளை. முதல் நாளே இவ்வளவு மரியாதை தேவையில்லை."

"சேர், நான் புதுசா வந்த ரீச்சர்."

"ஓம். விளங்குது."

முன்வரிசையில் நின்ற சின்னப் பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டது, "இவா விளையாட்டு ரீச்சரோ?"

"புவியியல்," என்றேன் மணலைத் துப்பிக்கொண்டு.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். இத்தனை வருடம் காத்திருந்து, ஒரு நிமிடத்தில் ஊர்ச் சிரிப்பாகிவிட்டதே என்று நொந்துகொண்டேன். அதிபர் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, என்னைத் தன் கதிரையில் இருத்தி, வரவுப் பதிவேட்டை முன்னால் வைத்தார். "முதல்ல கையெழுத்தை வையுங்கோ. காயத்தைப் பிறகு பாப்பம்." மணல் ஒட்டிய கையால் கையெழுத்து வைத்தேன். என் பெயர் நெளிந்து கிடந்தது. ஆனால் அது அங்கே இருந்தது.

முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாந்தி மச்சாள் மூச்சிரைக்க ஓடி வந்தா. நான் கடந்து போனபோதே சைக்கிளில் பை இல்லாததைக் கண்டுவிட்டா. கையில் தன் சேலை, சட்டை, ஊசிப் பெட்டி, போத்தலில் தேத்தண்ணி. அவவின் சட்டைக்குள் என்னைப்போல இரண்டு பேர் இருக்கலாம். ஊசி ஊசியாகக் குத்தி என்னை ஆசிரியையாக்கிவிட்டா. நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. (வீட்டுக்குப் போய்ச் சிரித்த சிரிப்பில் அவவின் புருசனுக்குப் பயம் பிடித்துவிட்டதாம்.)

பின்னேரம் அதே சோளகம் முகத்துக்கு நேரே அடித்தது. ஓடவே முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆனையிறவுக்கு வந்தால், எதிரே மலர் அக்காவின் சைக்கிளில் சுதன் வந்துகொண்டிருந்தார். பெற்றோல் வரிசையில் கிடைத்திருந்த இடத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏனப்பா இவ்வளவு தூரம்?"

"வரேக்க எதிர்க்காத்தெண்டு பிறகுதான் யோசிச்சனான். நீர் தனியக் கஷ்டப்படுவீர்." என் முழங்காலைக் கண்டதும் முகம் மாறியது. "என்ன நடந்தது?"

"றிம்முக்கு என்ன பூசினனீங்கள்?"

"தேங்காய் எண்ணெய். மினுங்கட்டுமெண்டு."

அன்றைக்கு அவரைத் திட்டுவதற்கு எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் தேங்காய் எண்ணெய்க்கும் தட்டுப்பாடான காலம் அது. தாளிக்கக்கூடத் துளித்துளியாக அளந்து விட்டுக்கொண்டிருந்தோம். அதில் கடைசித் துளியையும் என் சைக்கிளுக்கு வார்த்த மனிதரை என்னவென்று திட்டுவது? சிரிக்கத் தொடங்கினேன். அவரும் தயங்கித் தயங்கிச் சிரித்தார். காற்று வரும் பக்கமாக அவர் நடக்க, இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

பெற்றோல் திரும்பி வந்தபின்னும் நான் அந்த நீலச் சைக்கிளை விடவில்லை. றிம்மைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கரியரும் பூட்டி, காற்று வளம் பார்த்து இன்றும் ஓடுகிறேன். பாடசாலையில் எனக்கு 'ரேஸ் ரீச்சர்' என்று பெயர். புவியியல் படிப்பிப்பது யார் என்று கேட்டால் சில பெற்றோருக்குத் தெரியாது. ரேஸ் ரீச்சர் என்றால் தெரியும்.

போன வருடம் அதிபர் ஓய்வு பெற்றார். பிரியாவிடையன்று ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போய் அவரை வணங்கினோம். என் முறை வந்தது. அந்தக் காலைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்தேன். கண் கலங்க, குனிந்தேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"வேண்டாம் பிள்ளை," என்றார், மண்டபம் முழுவதும் கேட்க. "நீங்கள் எல்லாருக்கும் முதலே விழுந்திட்டீங்கள்."