சென்றி அண்ணையின் மூன்றாவது தடவை

சிட்னி முழுவதிலும் சென்றி அண்ணை நம்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார். பூட்டினது தான்தானா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

சென்றி என்றால் சண்டைக் காலத்தில் காவல் நிற்கிறது. பென்டில் ஹில் வீட்டில் அகதி விசாவுக்குக் காத்திருந்த நாங்கள் மூன்று பேர்: நான், குமார், இவர். யன்னல் சீலையை இரண்டு விரலால் விலக்கி, றோட்டைப் பார்த்தபடியே தேத்தண்ணி குடிப்பார். அதனால் குமார் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைக் கேட்டால், "ஏன், ஆர் கேக்கச் சொன்னது?" என்பார்.

வந்த முதல் கிழமை, கூரையில் மின்னிய புகை அலாரத்தை அரை மணித்தியாலம் அண்ணாந்து பார்த்தார்.

"இது ஆரைப் பாக்குது?"

"அது புகை வந்தால் கத்துறதுக்கு அண்ணை."

"புகை வராத நேரத்திலை என்ன செய்யுது?"

அடுத்த நாள் அதற்குத் தன் கால் சொக்ஸ் ஒன்றைப் போட்டு மூடியிருந்தார். வீட்டைச் சோதிக்க வந்த வாடகை ஏஜென்சிப் பெண் அதைக் கண்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அலாரம் தோற்றது.

தலைமயிர் தோளில் கிடந்தது. "வெட்டினால் என்ன அண்ணை?" என்று கேட்டேன். "வெட்டினால் கண்டுபிடிச்சிடுவாங்கள்" என்றார். நாங்கள் வேலை செய்த செவன் ஹில்ஸ் பக்டரியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தது அந்த மயிரைத்தான்.

நான் வளர்த்த தக்காளியைப் பார்த்து ஒரு நாள், "வியாழக்கிழமை சாகும்" என்றார். வியாழக்கிழமை செத்தது.

"மருந்தடிச்சிருப்பார்" என்று குமார் காதுக்குள் சொன்னான். "எனக்கெண்டால் ஆள் இயக்கத்திலை பெரிய பொறுப்பிலை இருந்திருக்கவேணும். இல்லாட்டி உளவு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்புப் போன இடத்தில் எனக்குப் பயம் வந்து குடியேறியது. பொறுப்பென்றாலும் உளவென்றாலும் கூட இருக்கிற என் கேஸும் பழுதாகும் என்று கணக்குப் போட்டேன். என் பேப்பர்களை அரிசிச் சாக்குக்குள் ஒளித்தேன். மூன்றாம் நாள் சமைத்துக்கொண்டு நின்ற அண்ணை, திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, பேப்பரை அரிசிக்குள்ளை வைக்காதை. பூச்சி அரிக்கும்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிறகு அவருக்கு விசா இன்டர்வியூ வந்தது. சொல்லுகிற கதை பிழையாகிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். சரிவந்தால் ஊரில் இருக்கிற, தாலி கட்டின மனுசியைக் கூப்பிடலாம். "உங்களைப் பலவந்தமாகப் பிடித்துச் சண்டைக்குக் கொண்டுபோனார்களா? அதைச் சொன்னால்தான் கேஸ் நிற்கும்" என்று கேஸைப் பார்த்த லோயர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இவர், "யோசிச்சுச் சொல்லுறன்."

இன்டர்வியூவுக்கு முதல் நாள் என்னிடம் வந்தார். "துணைக்கு ஒராள் வரலாமாம். நீ வா."

"நானோ? ஏன் அண்ணை?"

"நீ பயந்தாங்கொள்ளி. காட்டிக்குடுக்கிறதுக்கும் ஒரு துணிவு வேணும்."

உள்ளே போனதும் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி எவடம்? தேப்பன் ஆர்? கலியாணம் எங்கை முடிச்சனீர்?" இன்டர்வியூ யாருக்கு என்று தெரியாமல் அதிகாரி அம்மா பேனையோடு காத்திருந்தார்.

எந்தப் பிரிவில் இருந்தீர்கள்? அண்ணை யன்னலைப் பார்த்தார். என்ன ஆயுதம் தந்தார்கள்? அண்ணை கூரையில் மின்னிய அலாரத்தைப் பார்த்தார். லோயர் தாள்களைப் புரட்டினார். கடைசியில் அந்த அம்மா, "முதல்முதல் இயக்கத்துக்குப் போன அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"வயலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டனான்."

அவ்வளவுதான், மடை திறந்தது. இரண்டு ஏக்கர் நெல்லாம். கதிர் வெளியில் வர இருக்கிற குடலைப் பருவமாம். குளத்து வாய்க்காலில் அன்றைக்கு இவருடைய முறையாம். வீட்டுக்கு ஓராள் சண்டைக்கு வரவேணும் என்று இயக்கம் இவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாலாம் நாள் ஓடி வந்தார், வீட்டுக்கல்ல, வயலுக்கு. வரம்பில் மண்வெட்டியோடு நின்ற ஆளைத் திரும்பவும் பிடித்தார்கள். ஓடினவன் என்று கண்ட இடத்தில் தெரியட்டும் என்று தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள்.

"சுடத் துவக்குத் தந்தவங்கள். நான் பிடிச்ச விதத்தைப் பாத்துப் பறிச்சுப்போட்டு மண்வெட்டி தந்தவங்கள், பங்கர் வெட்ட. பொறுப்பாளர் காட்டினது பள்ளக்காணி. இதிலை வெட்டினால் தண்ணி ஊறும் எண்டனான். ரெண்டு அடி விழுந்தது. மழை வந்த அண்டைக்குப் பொறுப்பாளர் பங்கருக்குள்ளையிருந்து நீந்தித்தான் வெளியிலை வந்தவர்."

அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். அண்ணைக்கு உடனே சந்தேகம். "ஏன் சிரிக்கிறா? என்ன எழுதுறா?"

நெல் அறுக்கிற அரிவு வெட்டு வந்ததும் மறுபடி ஓடியிருக்கிறார். "மூன்றாம் தடவையும் பிடித்தார்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லை. மூண்டாந்தரம் நானாய்ப் போனனான்."

பலவந்தம் என்று நிற்க வேண்டிய கேஸில் இந்த மனுசன் என்ன சொல்கிறார்! மேசைக்குக் கீழே காலால் தட்டினேன்.

"ஏன்டா தட்டுறாய்? நடந்தது அதுதானே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதையும் விடாமல் மொழிபெயர்த்தார்.

"ஏன் போனீர்கள்?"

"என்னைக் காணேல்லையெண்டு என்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். அவன் மூச்சிழுப்பு வருத்தக்காரன், பத்தடி ஓடமாட்டான். நான் போய், அவனை விடுங்கோ, நான் நிக்கிறன் எண்டனான். விட்டாங்கள். பிறகு நான் ஓடேல்லை."

அந்த அம்மா பேனையை மூடி வைத்தார்.

திரும்பி வருகிற ரெயிலில், ஸ்ட்ராத்ஃபீல்ட் தாண்டும்வரை அண்ணை ஏறி இறங்கிய ஆட்களை எண்ணினார். பிறகு, "நானாய்ப் போனதெண்டு ஒரு தாளிலை விழுந்தால் முடிஞ்சுதெண்டுதான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனான்" என்றார். "அவ நான் தண்ணி கட்டின நாளைக் கேட்டுப்போட்டா. வயலெண்டால் எனக்கு வாய் நிக்காது."

பத்து மாதம் ஓடியது. நான் நித்திரை கொள்ளவில்லை, அவர் கொண்டார். ஒரு நாள் கடிதம் வந்தது. குசினிச் சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் உடைக்காமல் கிடந்தது. நாலாம் நாள் என் முன்னால் தள்ளினார்.

"நீ வாசி."

"என்ரை இங்கிலிஷ் எட்டாம் வகுப்பு அண்ணை! லோயரிட்டைக் குடுப்பம்."

"படிச்சவங்கள் பூசி மெழுகி வாசிப்பாங்கள். நீ எழுத்துக்கூட்டி வாசி."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாம் வரியில் விரலை வைத்து நிறுத்தினேன். விசா கிடைத்திருந்தது. அண்ணை தாளை இன்னும் என் பக்கம் தள்ளினார்.

"இன்னொருக்கா."

நாலு தரம் வாசித்தேன். நாலாம் தரம் அவர் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியாது.

இப்போது சிட்னிக்கு வெளியே ஒரு மரக்கறித் தோட்டத்தில், மனுசியோடு இருக்கிறார். என்னுடைய விசாக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் நான் உடைக்க மாட்டேன். அந்த மனுசன் வந்து பக்கத்தில் நிற்கும்வரைக்கும் அது மேசையில் கிடக்கட்டும்.