கீழ்வீட்டுக் கதவில் ஒரு காது

அடுக்குமாடியில் வாடகைக்குக் குடிபோகிறவனுக்குச் சாவியோடு சேர்த்துச் சந்தேகத்தையும் கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று தோன்றும். எனக்கு இந்தக் குணம் கொஞ்சம் அதிகம். (என் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டால் அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்வாள்.)

சில வருடங்களுக்கு முன் காரைக்குடியில், தேவகோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டின் முதல் மாடிக்குக் குடிபோனோம். வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, “எல்லாம் ஒங்க இஷ்டம் தம்பி. சத்தம் மட்டும் ஆகாது. முன்ன இருந்தவுகளை அதுக்குத்தான் காலி பண்ணச் சொன்னேன்” என்றார். தலையை ஆட்டினேன். அப்போது என் காதில் ஹெட்போன் இருந்தது.

அதுதான் சிக்கல். வீட்டிலிருந்தபடி பாட வீடியோக்களைக் கேட்டுத் திருத்துகிற வேலை எனக்கு. நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது புண்ணாகிவிட்டது. ஸ்பீக்கருக்கு மாறும்படி டாக்டர் சொன்னார். மாறினால் காது பிழைக்கும், வீடு போகும். மாறாவிட்டால் வீடு பிழைக்கும், காது போகும்.

ஸ்பீக்கர் பார்க்கப் போனபோது கடைக்காரர் இரண்டு செட்டை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கை அளவில் ஒரு ஜோடி. இன்னொன்று தரையில் வைக்கிற பெட்டியோடு வந்தது. அந்தப் பெட்டி ‘தும் தும்’ என்று அதிரும். “ரெண்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கண்ணே. பிடிக்காததைத் திருப்பிக் கொண்டாங்க” என்றார். இவ்வளவு நல்லவராக ஏன் இருக்கிறார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

எது கீழே கேட்காது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு நேர் கீழே அருளானந்து சார் குடும்பம். அவர் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி மேரி அக்கா. ஒரே மகள் ஜெனி, பேங்கில் வேலை. எங்கள் பங்குக் கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வருகிறவர்கள்தான். நேராகப் போய், “ஸ்பீக்கர் வாங்கப் போறேன், கேக்குதான்னு சொல்லுங்க” என்று விஷயத்தை முடித்திருக்கலாம். மனுஷன் அப்படித்தான் செய்வான். ஆனால் சொல்லிவிட்டால் அன்றிலிருந்து காதைத் தீட்டி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் சுற்றி வளைத்து விசாரிக்கப் போனேன்.

“அக்கா, ஒங்க வீட்ல எத்தனை மணிக்குப் படுப்பீக? சத்தமாப் பேசுற பழக்கம் யாருக்கும் உண்டா?”

மேரி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, “ஒங்களுக்குச் சொந்த ஊரு எது தம்பி?” என்றார்.

“தேவகோட்டைக்கா.”

அந்த முகம் சட்டென்று மலர்ந்தது. காபி வந்தது. முறுக்கு வந்தது. “எங்க வீட்ல சத்தமே இருக்காது தம்பி. ஜெனி பேசினா பக்கத்துல நிக்கிறவுகளுக்கே கேக்காது” என்றார். நான் ஜெனியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறுநாள் மாடிக்கு மீன் குழம்பு வந்தது. அதற்கு மறுநாள் பணியாரம். சும்மா யாராவது மீன் குழம்பு கொடுப்பார்களா? இவர்கள் ஏதோ மறைக்கிறார்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“மறைச்சா மறைக்கட்டும். தட்டை எடுங்க” என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை கீழ்வீட்டு ஸ்கூட்டரைக் காணோம். மூன்று பேரும் வெளியே போயிருந்தார்கள். சோதனைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அதிர்கிற பெட்டியைத் தரையில் வைத்து, எங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதாவது போடும்படி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுக் கீழே போனேன். அவர்கள் வீட்டுக் கதவில் காதை ஒட்டி வைத்தேன். ஸ்டெல்லா டி.வி. நாடகத்திலிருந்து மாமியார் மருமகள் சண்டை ஒன்றைப் போட்டிருக்கிறாள். கூரை வழியாக இறங்கி, காலி வீட்டுக்குள் முட்டி மோதி, கதவு வழியாகத் தெள்ளத் தெளிவாக வந்தது. “இந்த வீட்ல ஒண்ணு நீ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கக்கத்தில் பையோடு நிற்கிறார்.

“அருளானந்து வாத்தியார் வீடு இதுதானா?” என்றவர், காதைச் சாய்த்து, “இம்புட்டுச் சத்தம் எங்குட்டு இருந்து வருது?” என்று கேட்டார்.

வீட்டுக்காரர் அனுப்பிய உளவாளி என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டும்.

“இந்த வீட்லதாங்க” என்றேன். “மாடியில ஒரு சத்தமும் இருக்காது.”

“தெனம் இப்படித்தானா?”

“அப்பப்ப.”

“இது பொண்ணு குரலா, ஆத்தா குரலா?”

“ரெண்டு பேரு குரலும்தாங்க.”

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனார். வீட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் மாடி ஏறினேன்.

சாயங்காலம் மேரி அக்கா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜெனிக்குத் தேவகோட்டையில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். ஜெனிக்கும் பையனைப் பிடித்துப் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவதற்குமுன் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது அனுப்பி, அக்கம்பக்கத்தில் காதும் காதும் வைத்ததுபோல விசாரிப்பது வழக்கம். “அந்த ஆளு நீங்கதான்னு நெனச்சோம் தம்பி. ஊரும் தேவகோட்டைன்னீக. அதான் மீன் குழம்பெல்லாம்…” என்று நிறுத்தினார். “இன்னைக்குப் பையனோட தாய்மாமன் வந்திருக்காக. எம்புள்ள வாயாடின்னு வாசல்ல நின்ன ஒரு ஆளு சொன்னாராம். வேண்டாம்னுட்டாக. காதைக் கதவுல வச்சுக்கிட்டு நின்னாராம். யாரா இருக்கும்?”

அவர் கேட்ட விதத்திலேயே விடை இருந்தது. ஜெனி படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு அவமானம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், லேப்டாப்பும் ஸ்பீக்கர் பெட்டியுமாக ஸ்டெல்லாவும் நானும் தேவகோட்டை பஸ் ஏறினோம். மாப்பிள்ளை வீட்டில் அந்தத் தாய்மாமன் என்னைக் கண்டதும், “இவருதான் அந்தக் காது” என்று தன் அக்காவிடம் அடையாளம் காட்டினார்.

நான் நடந்ததைச் சொன்னேன். பையனின் அம்மா பிலோமினா நம்பவில்லை. “பொண்ணு வீட்ல என்ன சொல்லி அனுப்புனாக? நேத்து ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்றீக” என்றார். என்னைவிடச் சந்தேகம் பிடித்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கி, வயரை மாட்டி, அதே சண்டையை ஓட விட்டேன்.

“இதே குரல்தான்” என்றார் தாய்மாமன்.

“இது நான் பாக்குற நாடகமுல்ல” என்றார் பிலோமினா.

நான் பரபரப்பில் சத்தத்தைக் குறைக்க மறந்திருந்தேன். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன பிலோமி, மருமக வர்றதுக்கு முந்தியே சண்டையா? யாரு பொண்ணு குடுப்பா?” என்றார்.

பிலோமினாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. “அடச்சே, நிப்பாட்டுங்க தம்பி” என்று பிளக்கைத் தானே பிடுங்கினார். பிறகு தன் தம்பியைப் பார்த்து, “பாவம்டா அந்தப் புள்ள. வாத்தியாருக்குப் போனைப் போடு” என்றார்.

பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். சின்ன ஜோடியை மேரி அக்காவே தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, போனில், “இன்னும் கொஞ்சம் வைங்க தம்பி, ஒண்ணும் கேக்கல” என்று சொல்லிச் சோதித்துக் கொடுத்தார். முதலிலேயே கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பார்கள். ஜெனி பெயரை வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ‘தடை’ என்ற இடம் வந்ததும் மேரி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்து அருளானந்து சார். அடுத்து அந்த வரிசை முழுவதும். என் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா, நான் எழுந்துவிடக் கூடாது என்பதுபோல, என் தொடையில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஜெனிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனால் இன்றைக்கும் எங்கள் கோவிலில் யாருக்கு ஓலை வாசித்தாலும், அந்த இடம் வந்ததும் நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பும். போன மாதம் யாரென்றே தெரியாத ஒரு ஜோடிக்கு வாசித்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டை கமறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் நான் இருமவில்லையே.