அம்மி நகர்ந்த இரவு

பயந்தவனைக் காவலுக்கு வைக்கக் கூடாது. தூங்குமூஞ்சியை வைத்தால் ஏதோ ஒரு பொருள் திருட்டுப்போகும், அவ்வளவுதான். பயந்தவனோ பாதுகாத்துப் பாதுகாத்தே எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான். இதை ஊரில் யாரையோ பார்த்துச் சொல்லவில்லை.

அறுபதுகளில், எனக்குக் கல்யாணமான புதிதில், செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த என் மாமனார் ஏலத்தில் ஒரு பழைய வேன் எடுத்தார். சாமான் ஏற்றத்தான் எடுக்கிறார் என்று ஊர் நினைத்தது. அவர் உள்ளே பலகை அடித்து, திரை கட்டி, ஸ்டவ் வைக்க ஒரு மூலையும் ஒழித்தார். அத்தை, அதாவது என் மாமியார், அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து கூட்டிப்போகிறேன் கூட்டிப்போகிறேன் என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தாராம். இப்போது ராமேசுவரம் வரை போவது, வழியில் வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்குவது என்பது அவர் திட்டம்.

அத்தை சம்மதிக்கவில்லை.

"ரோட்டுல படுக்கறதா? திருடன் வந்தா இன்னா பண்ணுவ?"

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலில் உள்ளூரிலேயே, கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில், ஒரு ராத்திரி தூங்கிப் பார்ப்பது. நல்லபடியாக விடிந்தால் ராமேசுவரம். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"அதான் மாப்ள கூட வர்றாரே, படிச்சவரு. அவரு பாத்துக்குவாரு" என்றார் மாமா. (நான் படித்தது சரித்திரம். அதில் கோட்டைகள் எப்படி விழுந்தன என்றுதான் இருந்தது.)

அத்தை அந்தக் கால வழக்கப்படி என்னிடம் நேராகப் பேசமாட்டார். என் மனைவி கனகாவிடம், "மாப்ள பாத்துக்குவாரான்னு கேளு" என்றார். நான் கனகாவைப் பார்த்து, "பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்" என்றேன். மூன்று பேரும் ஒரே அறையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

மாலையில் வேனைக் கோட்டைக்குள், ஒரு விளாமரத்தடியில் நிறுத்தினார் மாமா. தரை சரிந்து போய்க் குளத்தில் முடிந்தது. நான் டார்ச்சும் விசிலுமாக உடனே சுற்றுக்காவலுக்குக் கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு பாறையும் யாரோ குந்தியிருப்பது போலவே தெரிந்தது. ஒரு பாறையிடம் "யார் அது?" என்று கேட்டேன். பதில் வராததால் பயம் இன்னும் கூடியது.

நான் பாறைகளை விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே முக்கியமான ஒரு காரியம் நடந்திருக்கிறது. அந்த வேனின் கியர் நழுவும். ஹேண்ட் பிரேக்கும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். அதனால் அத்தை சட்னி அரைத்துக் கழுவி வைத்த அம்மியை மாமா எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கொடுத்திருக்கிறார். அம்மி இல்லாமல் அத்தை எங்கும் வரமாட்டார். அது சாதாரண அம்மியும் இல்லை. எங்கள் கல்யாணத்தில், இந்தக் கல்லைப் போல் உறுதியாக இரு என்று கனகாவின் காலைப் பிடித்து நான் எடுத்து வைத்த அதே அம்மி.

சாப்பிட்டுப் படுத்தோம். முன்பக்கம் மாமா, நடுவில் திரைக்கு அந்தப்புறம் பெண்கள், பின்கதவை ஒட்டி நான். படுக்குமுன் கடைசியாக ஒருமுறை சுற்றிவந்தபோது டார்ச் வெளிச்சத்தில் அம்மி தெரிந்தது. சக்கரத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள், பாவம், திருடனுக்கு இந்த இடம் தெரியாதா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அத்தையின் அம்மியைக் காப்பாற்றிவிட்டால் காலையில் அவர் என்னிடம் நேராகவே பேசிவிடுவார் என்று ஒரு ஆசையும் இருந்தது.

இழுத்தேன், வரவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். உதைத்தாலும் நகரும். வேன் லேசாக முனகியது. அதையும் திருடன் என்றே எண்ணி, அம்மியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். தலைமாட்டில் அதை வைத்தேன். கதவின் கைப்பிடியைத் துணிக்கொடிக் கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சுகளையெல்லாம் போட்டேன். தெரியாத சிலவற்றையும் போட்டேன்.

தூக்கம் வரவில்லை. காற்று வந்தால் பயம், நின்றால் அதைவிடப் பயம். அப்போது கூரைத் தகரத்தின்மேல் 'டங்' என்று இடி விழுந்தது. (விளாம்பழம்.) நான் எகிறிக் குதித்து விசிலை ஊதினேன். நான் குதித்த குதியில் ஹேண்ட் பிரேக் தன் அரைகுறைப் பிடியையும் விட்டுவிட்டது.

வேன் நகர்ந்தது.

"நைனா! வண்டிய ஓட்டிக்கினு போறாங்க!" என்று கனகா அலறினாள்.

"எவன்டா அவன்?" என்று கத்திய மாமா, காலியாக இருந்த டிரைவர் சீட்டை இரண்டு தரம் பார்த்தார். பிறகுதான் பலகையைத் தாண்டி விழுந்து கையாலேயே பிரேக்கை அழுத்தினார். வேன் நின்றது. ஆனால் முன்சக்கரங்கள் குளத்துக்குள் இருந்தன. மூக்கு கீழே, வால் மேலே. முன்கதவை ஒட்டித் தண்ணீர் சலசலவென்று ஏறியது; வெளியேறப் பின்கதவுதான் வழி.

"மாப்ள, கதவத் தொறங்க! பிரேக்க வுட்டா உள்ள போயிடும்!"

என் முடிச்சுகள் அவிழவில்லை. ஒன்றை அவிழ்த்தால் இரண்டு இறுகின. "சீக்கிரம்ங்க" என்று கனகா அழுதாள். தண்ணீருக்குள் குனிந்தபடி மாமா மூச்சுவாங்கும் சத்தம் கேட்டது. நான்கு பேரையும் நானே கட்டிப்போட்டுக் கொன்றுவிட்டேன் என்று அந்தக் கணத்தில் நினைத்தேன். இன்றைக்கும் அந்த மூச்சுச் சத்தம் காதில் இருக்கிறது.

இருட்டில் ஒரு கை என்னை ஒதுக்கியது.

"தள்ளுங்க மாப்ள."

அத்தை. கையில் அரிவாள்மணை. வெண்டைக்காய் நறுக்குவதுபோல் கயிற்றை அறுத்தார். பெண்கள் இருவரும் இறங்கினார்கள். நான் வெளியே கிடந்த கற்களைப் புரட்டிவந்து பின்சக்கரங்களுக்கு முன்னால் போட்ட பிறகுதான் மாமா பிரேக்கை விட்டார்.

"முட்டு குடுத்துதான வெச்சேன், அது எங்க போச்சு?" என்று டார்ச்சை வாங்கி வேனுக்குள் அடித்தார். என் தலையணை பக்கத்தில், கழுவித் துடைத்தாற்போல் அம்மி இருந்தது.

அத்தைதான் கேட்டார், மறுபடி மகள் வழியாக:

"ஏ கனகா, இது ஏன் இங்க படுத்துக்கினு இருக்குதுன்னு கேளு."

நான் சொன்னேன். கனகா முதலில் சிரித்தாள். பிறகு அத்தை சிரித்தார். மாமாவும் சிரித்தார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ராமேசுவரப் பேச்சு அதற்குப் பின் எழவில்லை. வேனை அவலூர்பேட்டையில் ஒரு மல்லாட்டை வியாபாரிக்கு விற்றார்கள். நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு அது கடைத்தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மாமா எடை போடுவதை நிறுத்திவிட்டு, அது திரும்பி மறையும்வரை பார்ப்பார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

சில வருஷங்கள் கழித்து பஸ்ஸில்தான் அத்தையைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனேன். மாமா அப்போது இல்லை. அத்தை வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கனகாவிடம், "மாப்ளய எதையும் தொடாம ஒக்காரச் சொல்லு. இதுக்கு எங்க முட்டு குடுத்திருக்காங்களோ!" என்றார்.

அந்த அம்மி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்காவது காரை நிறுத்தினால் போதும், பேரப்பிள்ளைகள், "தாத்தா, அம்மி எங்க இருக்குது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும், யாரும் கவனிக்காதபோது, இறங்கிப்போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.