ஞானகுமாரி சொன்ன 'வுட்'

ஆவடி,
ஆகஸ்ட் 1968

திருமழிசையில் இருக்கும் அன்பு அக்கா ஆரோக்கியம்மாளுக்கு, ஆவடி தொழிற்சாலை ஃபிட்டர், உன் தம்பி சத்தியராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் எனக்குச் சளியைத் தவிர வேறு குறையில்லை. அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அக்கா, எனக்குக் கல்யாணம் ஏறக்குறைய நிச்சயம். அந்த 'ஏறக்குறைய'தான் தொந்தரவு. இங்கே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஞானகுமாரியிடம், போன வாரம் ஸ்டேஷனில், இங்கிலீஷ் டீச்சராயிற்றே என்று இங்கிலீஷிலேயே "வில் யூ மேரி மீ?" என்று கேட்டுவிட்டேன், அவள் "ஐ வுட்" என்றாள், அதற்குள் ரயில் வந்து ஏறிப் போய்விட்டாள், நான் பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன், லட்டைத் தின்று முடித்த பிறகுதான் என் கூட்டாளி கன்னியப்பன் கேட்கிறான்:

"மாமே, வில்லுன்னாளா, வுட்டுன்னாளா?"

"வுட்டு."

"போச்சுடா! வில்லுன்னா கட்டிக்குவா. வுட்டுன்னாலும் கட்டிக்குவா, ஆனா நடுவுல ஒரு இஃபு கீது. அது இன்னான்னு கேட்டுகினியா?"

அந்த இஃபை, அதாவது அவள் போடும் நிபந்தனையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். மீசையாக இருக்குமோ என்று மழித்தேன், பீடியாக இருக்குமோ என்று விட்டேன், கடைசியில் அவளையே கேட்டேன். "அப்பாவைக் கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்பா பால்ராஜ் கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணத்துக்கப்புறம் எம்பொண்ண வேலைக்கு அனுப்புவியா? வில் யூ?" மரியாதையாக இருக்கட்டுமே என்று "ஐ வுட், சார்" என்றேன். "வுட்டா? அப்போ உன் இஃபு இன்னா? உங்கம்மா சரின்னாவா? சோறாக்கி வெச்சிட்டுப் போனாவா?" என்று கதவைச் சாத்திவிட்டார். நான் தெருவில் நின்று தமிழிலேயே கத்தினேன்: "அவங்க வேலைக்குப் போவாங்க! சோத்த நான் ஆக்குவேன்!" தெருவே எட்டிப் பார்த்தது. அந்தக் கதவு மட்டும் திறக்கவில்லை.

நான் விடப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீயும் அத்தானும் பஸ் ஏறி வாருங்கள், மூவரும் போய்த் தமிழில் பெண் கேட்போம். அத்தானுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தம்பி,
சத்தியராஜ்

பி.கு.: தபால் பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். வழியில் ஞானகுமாரி. "அன்னைக்கு நான் சொன்னது 'வுட்' இல்லீங்க, 'வோன்ட்'. கட்டிக்க மாட்டேன்னேன். ரயில் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. அப்பாவே துரத்திடுவாருன்னுதான் அனுப்பினேன்" என்றாள். "இப்போ?" என்றேன். "நீங்க கத்தினத ஜன்னல்ல நின்னு கேட்டேன். ஞாயித்துக்கெழமை நாங்களே உங்க ஊட்டுக்கு வரோம். நீங்க சமைக்கிறத அப்பா பாக்கணுமாம்" என்றாள். ஆகவே பெண் கேட்க வர வேண்டாம் அக்கா. சனிக்கிழமையே வந்துவிடு. எனக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது.