தாண்டவராயன் வாயைக் கட்டிய நாள்

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் தாண்டவராயன் வாயையும் மூக்கையும் வெள்ளைத் துணியால் மூடி, இரண்டு கையிலும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்ததும் சக்கரபாணிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கரும்புக் கட்டை குத்திய உள்ளங்கால் புண். போன வாரமெல்லாம் வளவனூரிலிருந்து விழுப்புரத்துக்கு வந்து இதே ஆளிடம்தான் கட்டுப் போட்டுக்கொண்டார். வெறுங்கையால், வெற்றிலை மென்றுகொண்டே போட்டுவிடுவான். இன்றைக்கு மட்டும் ஏன் இந்த வேஷம்? அதுவும் வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு!

"என்னாங்க இது, புதுசா மூடிக்கினு?"

"டாக்டர் உத்தரவு" என்றான் துணிக்குள்ளிருந்து.

"எனக்கு என்னா வியாதி? மறைக்காம சொல்லுங்க."

தாண்டவராயன் சும்மா இருக்கும்படி கையைக் காட்டினான். அவன் கண்ணில் நீர் தளும்பியது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போச்சு. இந்தக் கல்நெஞ்சனே கண்ணீர் விடுகிற அளவுக்கு முற்றிவிட்டது. மருந்தே இல்லாத புது வியாதி என்று பேப்பரில் போட்டிருந்தானே, அதுவேதான்.

கட்டு முடிந்ததும் தாண்டவராயன் உறைகளை உள்புறம் வெளியே வரும்படி உரித்து வாளியில் போட்டான். சோப்புப் போட்டுக் கை கழுவினான். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினான். சக்கரபாணி அதற்கு மேல் பார்க்க முடியாமல் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் மாப்பிள்ளையின் அப்பா, திண்டிவனம் கோதண்டபாணி. வலது கையைத் தோள் துண்டுக்குள் விட்டிருந்தார். கட்டுப் போடும் அறைக் கதவோ திறந்தே கிடந்தது.

"சம்பந்தி! நீங்க எங்க இங்க?"

"புடவை எடுக்க வந்தேன். அது கெடக்கட்டும். அவன் மூடிக்கினு கட்டுப் போட்டது உங்களுக்கா?"

"சும்மா முள்ளுங்க."

"முள்ளுக்கா மூடுவான்?"

"நாத்தம் தாங்கலியாம்" என்று உளறினார் சக்கரபாணி.

"புண்ணு நாறுதா?"

"சேச்சே! அவருக்கு அழுவ வந்துடுச்சு. அத மறைக்கத்தான்…"

கோதண்டபாணியின் முகம் வெளிறிவிட்டது. "அழுதானா? அப்ப அந்த வியாதியேதான்."

மெல்ல எழுந்தார். "சம்பந்தி, உங்க பொண்ணு நல்லா இருக்கணும். வெள்ளிக்கெழம வேணாம், நிறுத்திடலாம்." துண்டுக்குள்ளிருந்த கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். பதிலுக்குக்கூட நிற்காமல் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சக்கரபாணி பெஞ்சில் சரிந்தார். உயிர் போவதுகூடப் பெரிதில்லை, மகள் முகத்தில் எப்படி விழிப்பது? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயா அம்சா ஓடி வந்தாள்.

"எதுக்குங்க அழுவுறீங்க? தாண்டவராயருக்கு ஜலதோஷம், கண்ணுல மூக்குல ஊத்துது. மூக்கச் சிந்தன கையாலயே புண்ணத் தொடறாருன்னு டாக்டரு திட்டி, உங்களுக்கு எதுவும் ஒட்டக் கூடாதுன்னுதான் மூட வெச்சாரு."

அவள் கோதண்டபாணி ஓடிய திக்கைப் பார்த்தாள்.

"இப்ப ஓடுனாரே, அவருக்கும் காலைல இப்படி மூடிக்கினுதான் கையில கட்டுப் போட்டாரு, தனக்கு ஏதோ பெரிய வியாதி, பொண்ணு வீட்டுக்கு என்னா பதில் சொல்றதுன்னு உங்களுக்கு முன்னாடியே இதே பெஞ்சில ஒக்காந்து அழுதாருங்களே!"