தாய்மாமன் சீராகப் போன தூசி மிஷின்

தாய்மாமனாக இருப்பது ஒரு உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மென்டும் கிடையாது. மொட்டை போட்டால் மடி கொடுக்க வேண்டும். காது குத்தினாலும் மடி கொடுக்க வேண்டும். சடங்கானால் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், கல்யாணமென்றால் மாலையோடு போய் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு தப்பு நடந்துவிட்டால் அதை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும், பந்திக்கு முன்னால் யாராவது ஒருவர் என் தங்கை புருஷனிடம், "அண்ணே, அந்த மிசினு கதையச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளையும் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார். இப்போதெல்லாம் கதையின் முடிவில் நான் மயங்கி விழுகிறேன். உண்மையில் நான் மயங்கவில்லை, தும்மினேன். அவ்வளவுதான். இதைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. நடந்ததை நானே ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் மதுரையில் ஒரு மில் ஆபீஸில் கிளார்க். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம், கரிசல் காடு. தங்கை பாக்கியத்தைக் கோச்சடையில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் பருத்தி வியாபாரம், வசதியான குடும்பம். கூடம் முழுக்க மொசைக் தரை. அதில் பாதியை மறைத்துக்கொண்டு வெளிர் பச்சையில் ஒரு கம்பளம் கிடக்கும். கம்பளம் என்று சொன்னால் அத்தைக்கு (அதாவது பாக்கியத்தின் மாமியாருக்கு) பிடிக்காது. கார்ப்பெட் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டுக்காரர் வியாபார விஷயமாக வடக்கே போனபோது வாங்கி வந்தது. கழுவாத காலோடு அதை மிதிக்கக் கூடாது. கழுவிய ஈரக் காலோடும் மிதிக்கக் கூடாது. வேறு எந்தக் காலோடு மிதிப்பது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

தினமும் காலையில் பாக்கியம் அதை விளக்குமாறால் கூட்ட வேண்டும். கார்ப்பெட்டைக் கூட்டினால் தூசி எழும்பிப் போய் மொசைக்கில் உட்காரும். மொசைக்கைக் கூட்டினால் கிளம்பி வந்து கார்ப்பெட்டில் உட்காரும். போக வர, பாதி பாக்கியத்தின் நெஞ்சுக்குள் இறங்கும். ஊரில் நாள் முழுக்கப் பருத்திக் காட்டில் நின்றாலும் ஒரு தும்மல் போடாதவள் அவள். ஒருநாள் காலையில் நான் போனபோது இழுப்பு வந்து, கையில் விளக்குமாறோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு விசில் அடித்தது. விளக்குமாறைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன்.

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"காட்டியாச்சுண்ணே. தூசி ஆகாதுங்குறார்."

"அத அத்தைட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'பேரையூர்ப் புழுதியில பொறண்டு வளந்த பிள்ளைக்கு எங்க வீட்டுத் தூசி ஆகலையாக்கும்'னாக."

அத்தை கெட்டவர் இல்லை. போனால் மனசாரச் சோறு போடுவார். ஆனால் நாங்கள் கொண்டுபோன சீரை எல்லாம், அரிசி மூட்டை, நிலக்கடலை, கிடாக்குட்டி எல்லாவற்றையும், "காட்டு வெளச்சல்" என்று ஒரே வார்த்தையில் ஓரம் கட்டிவிடுவார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பாக்கியம் தலையைக் குனிந்துகொள்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் மகள் செல்விக்குக் காதுகுத்து வைத்தபோது நான் முடிவெடுத்துவிட்டேன். இந்தத் தடவை அந்த வீட்டில் யாருமே பார்த்திராத சீர் போக வேண்டும். தங்கச்சி கையில் விளக்குமாறும் இருக்கக் கூடாது. எங்கள் மில் மேனேஜர் பங்களாவில் தூசி இழுக்கும் மிஷின் ஒன்றைப் பார்த்திருந்தேன். அதுதான் சீர்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாள் கழுத்தில் டை கட்டியிருந்தார். சித்திரை வெயிலில், மதுரையில், டை. அவரைப் பார்த்ததும் மரியாதையும் பரிதாபமும் சேர்ந்து வந்தன.

"சார் வீட்டுல கார்ப்பெட் எம்புட்டு, வெறுந்தரை எம்புட்டு?" என்று கேட்டார்.

"பாதிக்குப் பாதி" என்றேன். (நான் இருந்தது லாட்ஜ் ரூமில். அங்கே பாதி தரை, பாதி கட்டில்.)

மூன்று மிஷின்களைக் காட்டினார். ஒன்று கையில் பிடிக்கிற சின்னது. சோபாவுக்குத்தான் ஆகும். இரண்டாவது தரைக்கு ஆகும், ஆனால் கார்ப்பெட்டுக்குள் அடைந்த மண்ணை எடுக்க அதற்குத் தெம்பு பத்தாது. மூன்றாவதுதான் ராஜா. சக்கரம் வைத்த எவர்சில்வர் டிரம், மூடியிலேயே மோட்டார், முன்னால் நீளக் குழாய். கார்ப்பெட்டுக்குத் தட்டையாக ஒரு வாய், மொசைக்குக்குக் குஞ்சம் வைத்த இன்னொரு வாய்.

"ரெண்டையும் ஒரே மிசின் செய்யணும்னா இதுதான் சார். மத்ததெல்லாம் ஒண்ணச் செஞ்சா ஒண்ணச் செய்யாது."

நான் உடனே வாங்கிவிடவில்லை. வாராவாரம் போனேன். நிலக்கடலைத் தோலை இழுக்குமா, லோ வோல்டேஜில் ஓடுமா, குழந்தை விரலை விட்டால் என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒருமுறை ஊரிலிருந்து கரிசல் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய், அவர்கள் கடைக் கார்ப்பெட்டிலும் தரையிலும் தூவி, "இத இழுங்க பாப்போம்" என்றேன். அம்புட்டையும் இழுத்துவிட்டது. (டைக்காரர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.) மதுரையில் இவ்வளவு பார்த்துப் பார்த்து மிஷின் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

கடைசியில் வாங்கியபோது, "வீட்டுக்கு ஆள் அனுப்பி ஓட்டிக் காட்டச் சொல்லட்டுமா சார்?" என்றார்.

"வேண்டாம், எனக்குத் தெரியும்."

"உள்ள ஒரு துணிப்பை இருக்கும் சார், அதுல..."

"தெரியுங்க."

அதற்குமேல் அவருக்கும் தெம்பில்லை.

காதுகுத்து அன்று எங்கள் சனம் லாரியில் வந்து, மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இறங்கியது. அங்கே வைத்துச் சீர்த் தட்டுகளை அடுக்கினோம். அம்மா மிஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியைத் தட்டினாள்.

"என்னடா இது, வெறும் டிரம்மாவா குடுக்கப் போற?"

எங்கள் பக்கம் குடமோ அண்டாவோ வாளியோ, எதையும் வெறுமையாகச் சீரில் வைக்க மாட்டார்கள். உள்ளே அரிசியும் மஞ்சளும் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

"அம்மா, இது பாத்திரம் இல்ல, மிசினு."

"உள்ள எடம் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்பப் பாத்திரந்தான். ஏற்கெனவே அவ மாமியாளுக்கு வாயி கொஞ்சம் நீளம். வெறும் பாத்திரத்தக் குடுத்தாகன்னு இன்னொரு சொல்லு நம்ம பிள்ளைக்கு வரணுமா?"

கொக்கிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே அந்தத் துணிப்பை இருந்தது. ஜவுளிக் கடையில் மஞ்சப்பை தருகிற மாதிரி இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து உருவி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதில் தேங்காயையும் வெற்றிலை பாக்கையும் போட்டுக்கொண்டாள். டிரம்முக்குள் பச்சரிசி போட்டோம். விரலி மஞ்சளை எடுத்துவர மறந்திருந்தார்கள். பாக்கியத்துக்கென்று வீட்டில் இடித்துக் கொண்டுவந்த மஞ்சள்தூள் ஒரு பெரிய பொட்டலம் இருந்தது. அதை அப்படியே கொட்டினாள் அம்மா. நான் மூடியை மாட்டினேன். ஓட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சீரில் வந்த அண்டாவில் அங்கேயே சோறு வடித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லையே.

மேளத்தோடு கிளம்பினோம். டிரம் என் தலையில். குழாய் முன்னால் தொங்கி ஆடியது. "ஏய், யானை வருதுடா" என்று பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். வாசலில் பாக்கியம் ஆரத்தி எடுத்தாள். அவள் கரைத்த ஆரத்தி எப்போதுமே நல்ல சிவப்பாக இருக்கும். மைக்கில் ஒருவர், "தாய்மாமன் சீரு, தூசி இழுக்கும் மிசினு ஒண்ணு" என்று அறிவித்ததும் பந்தலே எழுந்து நின்று பார்த்தது.

என் மடியில் வைத்துச் செல்விக்குக் காது குத்தினார்கள். அவள் ஓயாமல் அழுதாள். அது முடிந்ததும், கார்ப்பெட்டில் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்த அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"மருமகனே, எங்க, அந்த மிசினப் போட்டுக் காட்டுங்க பாப்போம்."

ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த நேரம் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, பிறந்த வீட்டுச் சீருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அரிசியும் மஞ்சளும் மூளையை விட்டே போய்விட்டன.

கார்ப்பெட் வாயை மாட்டினேன். குனிந்தேன். சுவிட்சைப் போட்டேன்.

முதலில் அரிசி படபடவென்று வெடித்தது. நல்ல இழுவை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பின்னால் சத்தம் கேட்டது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். "நிறுத்துய்யா" என்ற சொல் காதில் தெளிவாக விழுந்த பிறகுதான் திரும்பினேன். மிஷினின் பின்பக்க ஓட்டை வழியாக மஞ்சள் புகை கூடம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. தூளைப் பிடித்துவைக்க வேண்டிய துணிப்பை அம்மா கையில் தேங்காயோடு இருந்தது. பருத்தி வியாபாரிகளின் வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சள். பச்சைக் கார்ப்பெட் மஞ்சள். அத்தை மஞ்சள் காப்பு சாத்திய அம்மன் மாதிரி கண்ணை மட்டும் திறந்து உட்கார்ந்திருந்தார். மிஷின் ஒரு கருகல் நாற்றத்தோடு தானாகவே நின்றது. அந்த அமைதியில்தான் நான் தும்மினேன். செல்வி அழுகையை நிறுத்திவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள்.

பாக்கியத்தைக் காணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. தூசி ஆகாத பிள்ளை, இவ்வளவு தூளையும் இழுத்திருந்தால்? கொல்லைப்பக்கம் ஓடினேன். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. "ஆத்தா, மூச்சு விடு ஆத்தா" என்று பதறினேன். முந்தானையை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "மருமகனே, பந்தியில ஒக்காருங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும். பிறகு வேலையாட்களிடம், "கார்ப்பெட்டக் கொல்லையில வெயில்ல போடுங்க. மஞ்சக் கறை வெயிலுக்குப் போயிரும்" என்றார்.

பந்தி முடிந்து போய்ப் பார்த்தோம். பாக்கியம் அதற்குள் துணி துவைக்கிற சவுக்காரத்தைப் போட்டு அதை முழுக்கத் தேய்த்து முடித்திருந்தாள். மஞ்சள் இருந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பு. கிடா வெட்டிய இடம் போலக் கிடந்தது.

"என்ன பிள்ள இப்படிப் பண்ணிட்ட?"

"பதட்டத்துல தேச்சுட்டேன் அத்தை. எம்புட்டுத் தேச்சும் போகல."

கார்ப்பெட் அன்றைக்கே சுருட்டப்பட்டுப் பருத்தி குடோனுக்குப் போனது. கூடத்தில் மொசைக் மட்டும் மிச்சம். அதற்கு ஒரு ஈரத்துணி போதும். மாதம் போகப் போக பாக்கியத்துக்கு இழுப்பு குறைந்தது, பிறகு வரவே இல்லை. மிஷினின் மோட்டார் செத்துவிட்டது. எவர்சில்வர் டிரம் நல்ல கனம் என்று அத்தை அதை அடுப்படியில் அரிசி போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். அம்மா சொன்னதுதான் சரி. அது பாத்திரந்தான்.

அன்றிலிருந்து கார்ப்பெட்டைக் கெடுத்தவன் நான். செல்விக்கு நான் 'மிசினு மாமா'. எந்த வீட்டு விசேஷத்துக்கு என்ன வாங்கிப் போனாலும், "மாமா, உள்ள மஞ்சப்பொடி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள்.

அத்தை காலமாகிச் சில வருஷம் கழித்து, ஒருநாள் கோச்சடை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் அந்த டிரம்மிலிருந்து உலைக்கு அரிசி அள்ளிக்கொண்டிருந்தாள். "என்னால ஒங்க கார்ப்பெட்டு போச்சு" என்று வழக்கம்போல் பெருமூச்சு விட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, அன்னைக்கி ஒங்களுக்கெல்லாம் ஆரத்தி கரைச்சது யாரு?"

"நீதான்."

"மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தாச் செவக்கும்னு தெரிஞ்சுதான கரைச்சேன்? சவுக்காரம் பட்டாலும் செவக்குங்குறது மட்டும் எனக்குத் தெரியாதா?"

சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வெயில்ல போட்டா நெசமாவே போயிருக்குமா?"

"போயிருக்கும். மறுநாக் காலையில திரும்ப நான்தான் கூட்டியிருப்பேன்."

"இத்தன வருசமா என்னையப் பேசுறாகளே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வீம்புக்கே வேற கார்ப்பெட்டு வாங்கியிருப்பாக" என்றாள். அரிசியைக் களைந்துகொண்டே, "நீ தாய்மாமன்ண்ணே. தாங்குவ" என்றாள்.

மாப்பிள்ளைக்கு இது இன்றுவரை தெரியாது. அவர் கட்டுரை எல்லாம் படிக்கிற ஆளில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். போன மாதம் செல்வியின் பேரனுக்குக் காதுகுத்து. பந்திக்கு முன்னால் மாப்பிள்ளை கதையைச் சொன்னார். இந்தத் தடவை நான் மயங்கி விழுந்து, அவரே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். நான் திருத்தவில்லை. எதிர் வரிசையில் பாக்கியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வயதிலும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.